பத்தொம்பதரை அடி அம்பாசடர்

குருவுக்கு வயசு முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொண்ணு. குரு சேலைக்கு மேல காக்கிச் சட்டையை மாட்டிக்கிட்டு காருக்கு அடியில படுத்திருப்பாங்க. சீடரு வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டுல மூணு பென்சிலுமா பக்கத்துல குத்தவெச்சிருப்பாரு. முதல் தடவை வர்றவன் அவரைத்தான் முதலாளின்னு நெனச்சுக் கும்புடு போடுவான்.

நான் அதே பட்டறையில சீட்டு தைக்கிறவன். எனக்கு குருவும் இல்ல, சிஷ்யனும் இல்ல, ஊசிதான். ஆனா கை வேலை செய்யறப்போ காது ரெண்டும் சும்மாதானே இருக்குது.

எங்க பட்டறை புளியம்பட்டி ரோட்டுல இருக்குது. பழைய காரை நடுவுல ரெண்டா வெட்டி, தள்ளி வெச்சு, இடையில அஞ்சடி ஆறடி சேத்து, கல்யாணத்துக்கு ஓட்டற நீளக் காரா மாத்தறது எங்க தொழில். முன்னாடி பளபளன்னு ஒரு கிரில் வெப்போம். உள்ள எதிரெதிரா சோபா போடுவோம், அது என் வேலை. ஜனங்க அதை லிமோசின்னு சொல்லிக்குவாங்க. குரு, அதாவது மேஸ்திரி பாவாத்தா மட்டும் "நீட்டுன வண்டி"ன்னுதான் சொல்லுவாங்க.

சீடரு பொன்னுரங்கம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியாரா இருந்தவரு. ஒரு காருக்கு முன்பக்கம் படம் போட்டுக் குடுக்க வந்தாரு. வெல்டிங் நெருப்பைப் பாத்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு.

"எனக்கும் கத்துக் குடுங்க மேஸ்திரி."

"இந்த வயசுல கண்ணு தாங்குங்களா?"

"கண்ணாடி போட்டுக்கறனுங்."

அன்னிக்கே ஒரு கேள்வியும் கேட்டாரு. "எங்க சேத்தோம்னு யாருக்குமே தெரியாம இருக்கறதுக்கு வழி என்னங் மேஸ்திரி?"

"டீ ஆறுது வாத்தியாரே"ன்னாங்க மேஸ்திரி.

ஒண்ணரை வருஷத்துல இதே கேள்வியை அவரு நூறு தடவை கேட்டிருப்பாரு. மேஸ்திரி ஒரு நாள் "அந்த சுத்தியலை எடுங்க"ம்பாங்க. இன்னொரு நாள் "மழை வரும்போல"ம்பாங்க. பள்ளிக்கூடத்துல பசங்க பதில் சொல்லலைன்னா இவரு பெஞ்சு மேல ஏத்திருப்பாரு. மேஸ்திரியை எங்க ஏத்தறது?

இந்த சமயத்துலதான் அவரு பையன் நவநீதனுக்குக் கல்யாணம் கூடி வந்துது. பொண்ணு வீடு நம்பியூர்ப் பக்கம். சம்பந்தி ஆறுக்குட்டிக்கு நாலு தறிக்குடோன். வாசல்ல ரெண்டு காரு நிக்கும், ரெண்டும் கருப்பு, ரெண்டும் புதுசு. நம்ம வாத்தியாருகிட்ட இருந்தது ஒரே ஒரு வெள்ளை அம்பாசடர், நவநீதனை விட ரெண்டு வயசு மூத்தது.

நிச்சயத்தன்னிக்கு ஆறுக்குட்டி மரியாதையாத்தான் கேட்டிருக்காரு. "மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம காரை அனுப்பட்டுங்களா சம்பந்தி?"

வாத்தியாருக்கு எங்கிருந்துதான் அந்த ரோசம் வந்துதோ. "வேண்டாங். நாங்க லிமோசின் ஏற்பாடு பண்ணியிருக்கறோம். மெட்ராஸ்ல இருந்து வருதுங்"னுட்டாரு.

மறுநாள் காலையில பேயறைஞ்ச மாதிரி பட்டறைக்கு வந்தாரு. நடந்ததைச் சொன்னாரு.

"வாயை விட்டுட்டனுங் மேஸ்திரி. இப்ப அம்பாசடர்ல போய் எறங்குனா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க? பையன் தலை நிமுந்து அந்த வீட்டுக்குப் போக முடியுங்களா?"

"வண்டி எங்க?"

"வெளிய நிக்குதுங்."

மேஸ்திரி வெளிய போய் அம்பாசடரை ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. அதோட முதுகுல ரெண்டு தட்டு தட்டுனாங்க.

"நாப்பத்தேழு நாளு இருக்குது. உங்க வண்டி, உங்க கை. நீங்களே வெட்டுங்க."

"நானுங்களா!"

"பின்ன, நானா பொய் சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பு தாங்கல. நூலு அறுந்துபோச்சு.

வெட்டற அன்னிக்கு வாத்தியாரு வண்டிக்குச் சூடம் காட்டுனாரு. அளவு குறிச்சாரு, அழிச்சாரு, மறுபடி குறிச்சாரு. கட்டிங் மெஷின் நடுவால எறங்குனப்போ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. நவநீதன் ஓட்டிப் பழகுன வண்டி பாருங்க, மனசு கேக்குமா? பதினாலடி வண்டி ரெண்டு துண்டாச்சு. நடுவுல அஞ்சரை அடி இடைவெளி விட்டு, அடியில இரும்புச் சேனல் ரெண்டு ஓட்டி, தகடு கட்டி, வெல்டிங் பத்த வெச்சுப் பத்த வெச்சுச் சேத்தாரு.

பன்னெண்டு நாள்ல ஒரு உருவம் வந்துது. மேஸ்திரி அடியில குனிஞ்சு பாத்தாங்க. சேனல்ல பத்த வெச்ச இடமெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துது. தடமே இல்ல.

"என்னங் வாத்தியாரே இது?"

"கிரைண்டர் போட்டு ராவிட்டனுங். கூர்ந்து பாத்தாலும் ஒட்டு தெரியாதுங்." வாத்தியாருக்குப் பெருமை பொங்குது.

மேஸ்திரி நாலு இரும்புப் பட்டையை எடுத்துக் குடுத்து, ரெண்டு ரெண்டாச் சேத்துப் பத்த வெக்கச் சொன்னாங்க. ஒரு ஜோடியை ராவச் சொன்னாங்க. இன்னொண்ணை அப்படியே விடச் சொன்னாங்க.

"வைஸ்ல இறுக்கிப் புடிச்சு சுத்தியல்ல அடிங்க."

ராவுனது மூணாவது அடியில பட்டுன்னு ரெண்டாப் போச்சு. இன்னொண்ணு, ஒட்டுன இடத்துல கம்பளிப்பூச்சி படுத்திருக்கற மாதிரி தடிப்பா இருந்துது. வாத்தியாரு அடிச்சாரு, அடிச்சாரு, மூச்சு வாங்குச்சு. பட்டை வளைஞ்சுது. ஒட்டு விடல.

"சம்பந்தி கண்ணுல பட்டுட்டா?"

"மாப்பிள்ளையும் அதுலதான உக்காரப் போறாரு?"

வாத்தியாரு கொஞ்ச நேரம் அந்த ரெண்டு துண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு அடியில படுத்தாரு. பதினோரு நாள் படுத்தாரு. சேனல் பூரா, ஒரு முழம் விடாம, தடிப்புத் தடிப்பாப் புதுசாப் பத்த வெச்சாரு. முதல்ல கோணலா வந்துது. அப்புறம் நேரா வந்துது. கடைசியில படம் போட்ட கையி பாருங்க, ஒவ்வொரு தடமும் ஒரே அளவுல, மல்லிகைச் சரம் கட்டுன மாதிரி வந்துது. நான் தையல்காரன், தையல் எனக்குத் தெரியும். நல்ல தையல் அது. ஆனா இதை நான் வாய்விட்டுச் சொல்லல. சொன்னா அவரு அதையும் ராவிடுவாரோன்னு பயம்.

மேல இருக்கறதுக்கு மட்டும் வாத்தியாரு இஷ்டம்போல விளையாடுனாரு. பட்டி பூசித் தேச்சு, கருப்புப் பெயின்ட் அடிச்சு, கிரில் மாட்டுனாரு. நடுவுல சேத்த அஞ்சரை அடியில கதவு இல்ல, மேல ஜன்னல் கண்ணாடி, கீழ வெறும் தகடுதான். வாத்தியாரு அதுல கதவு மாதிரியே கோடு போட்டு, ஒரு கைப்பிடியையும் ஒட்டி வெச்சாரு. தள்ளி நின்னு பாத்தா கதவேதான்.

கடைசியா, படத்துல இருக்கற லிமோசின் எல்லாம் தரையோட பதிஞ்சு போகுதுன்னு வண்டியை நாலு அங்குலம் எறக்குனாரு.

அன்னிக்கு மேஸ்திரி கேட்டாங்க. "ஏனுங் வாத்தியாரே, கல்யாண மண்டபத்துத் தெருவுல வேகத்தடை எத்தனைங்?"

"ஒண்ணோ ரெண்டோ இருக்குங். பிரேக் நல்லாப் புடிக்குதுங் மேஸ்திரி, கவலைப்படாதீங்க."

"சரிங்"னு சொல்லிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போயிட்டாங்க.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. சம்பந்தி ஊரு பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபத்துக்கு அரை கிலோமீட்டர் இருக்கும். நானும் போயிருந்தேன். மேஸ்திரி அரக்குக் கலர் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. காக்கிச் சட்டை இல்லாம எனக்கு அடையாளமே தெரியல.

கோயில் முன்னாடி அந்த வண்டி வந்து நின்னப்போ ஊரே வாயைப் பொளந்துது. பத்தொம்பதரை அடி! ஒருத்தன் நடந்தே அளந்து பாத்தான். ஆறுக்குட்டி கண்ணு அகலமாச்சு.

"மெட்ராஸ் வண்டிங்களா சம்பந்தி?"

"ஆ... ஆமாங்"னாரு வாத்தியாரு. வேர்த்து ஊத்துது.

"நானும் ஒரு ரவுண்டு வரட்டுங்களா? இந்த மாதிரி வண்டியில உக்காந்ததே இல்லைங்."

மாப்பிள்ளை ஏறுனாரு, மச்சினன் ஏறுனான். ரெண்டு சம்பந்தியும் ஏறுனாங்க, அப்புறம் அத்தைமாரு மூணு பேரு, மாமன்மாரு ரெண்டு பேரு. முன்னாடி ஜமாப் மேளம் அடி தூள் பறக்குது. நாங்க பக்கத்துல நடந்தே போறோம், அவ்வளவு மெதுவாத்தான் போகுது.

மண்டபத்துக்கு இருநூறடி இருக்கறப்போ வேகத்தடை வந்துது. நம்ம ஊரு வேகத்தடை தெரியுமே, ரோட்டுக்குக் குறுக்கால ஒரு சின்ன மலை. ஒம்பது பேரு பாரத்துல வண்டி இன்னும் தணிஞ்சிருந்துது. முன் சக்கரம் ஏறி எறங்குச்சு. அதோட சரி. 'டங்'குன்னு ஒரு சத்தம். வண்டி வயிறு மேட்டு மேல உக்காந்துக்கிச்சு. பின் சக்கரம் ரெண்டும் சும்மா சுத்துது. வண்டி முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. அடிச்ச அடியில கிரில் கழண்டு ரோட்டுல விழுந்து உருண்டுது.

ஜமாப் நின்னுபோச்சு.

ஆறுக்குட்டி எறங்கப் பாத்தாரு. உள்ள கைப்பிடியே இல்ல. கண்ணாடியை எறக்கிக் கையை வெளிய விட்டு வெளிக் கைப்பிடியைப் புடிச்சு இழுத்தாரு. கைப்பிடி அவரு கையோட வந்துருச்சு. அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பின்னாடி இருந்த அட்டைத் துண்டும் கோந்தும் அவரு விரல்ல ஒட்டிக்கிச்சு.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதே கஷ்டம். இது பத்தொம்பதரை அடிப் பூசணிக்காய். வாத்தியாரு பாவம், சீட்டுக்குள்ள புதைஞ்சு போனாரு. நான் தெச்ச சீட்டு, நல்ல பஞ்சு, ஆனா அவ்வளவு ஆழம் கிடையாது.

ஒவ்வொருத்தரா பின்கதவு வழியா எறங்குனாங்க. அத்தைமாரு குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. நவநீதன் அப்பா மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். ஆறுக்குட்டி பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு. கைப்பிடியை மச்சினன்கிட்டக் குடுத்தாரு. ரோட்டுல மல்லாக்கப் படுத்து, செல்போன் டார்ச்சை அடிச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில போயிட்டாரு.

"போச்சு"ன்னாரு வாத்தியாரு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. "அடியில எல்லாம் தெரியுமே. ஒட்டு பூராத் தெரியுமே. என் மானம் போச்சுய்யா. பையன் கல்யாணத்தை நானே கெடுத்துட்டனே."

அவரு கையைப் புடிச்சேன். சில்லுன்னு இருந்துது.

வெளிய ரெண்டு காலு மட்டும் தெரியுது. ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் அடியில இருந்து ஒரு சத்தம் வந்துது.

"இதைப் பத்த வெச்சது யாருங்?"

அத்தைமாரு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"கேக்கறனுங்களே! யாரு பத்த வெச்சது?"

வாத்தியாரு மேஸ்திரியைப் பாத்தாரு. மேஸ்திரி ஒரு பொம்பளைகிட்ட மல்லிப்பூ முழம் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. இங்க என்ன நடக்குதுன்னே தெரியாத மாதிரி ஒரு மூஞ்சி.

வாத்தியாரு ரெண்டடி முன்னால போனாரு.

"நானுங் சம்பந்தி. மெட்ராஸும் இல்ல, ஒண்ணும் இல்லைங். எங்க வீட்டு அம்பாசடர்தானுங். நான்தான் வெட்டுனேன், நான்தான் ஒட்டுனேன். பொய் சொல்லிட்டனுங். மன்னிச்சுக்கோங்க."

ரெண்டு காலும் சரசரன்னு வெளிய வந்துது. ஆறுக்குட்டி எந்திரிச்சாரு. முதுகெல்லாம் புழுதி, நெத்தியில கிரீசு.

"ஒம்பது பேரு பாரத்தோட இந்த மேட்டு மேல வந்து உக்காந்திருக்குதுங்! ஒரு ஒட்டு கூட விரியல. ஒரு நூலு கூட!" அவரு குரலு ஏறிக்கிட்டே போகுது. "நான் தறி போடறதுக்கு முந்தி பதினாறு வருஷம் வெல்டருங் சம்பந்தி! இந்தக் கையில பத்த வெச்சிருக்கேன். இந்த மாதிரி ஒரு தடம் நான் போட்டதில்லைங்! நீங்க டிராயிங் வாத்தியாருன்னுதான சொன்னாங்க?"

"ஆமாங். டிராயிங்தானுங்."

"அட போங்க சம்பந்தி! இதைய சொல்றதை விட்டுப்போட்டு மெட்ராஸாமா, லிமோசினாமா!"

வாத்தியாரைக் கட்டிப் புடிச்சுட்டாரு. வெள்ளைச் சட்டையில கிரீசு அப்பிக்கிச்சு. வாத்தியாருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, எனக்கும்தான். நவநீதன் ஓடி வந்து ரோட்டுல மண்டி போட்டு அடியில குனிஞ்சு பாத்தான். "அப்பா, நம்ம வண்டியாப்பா இது!"ன்னு அடியில இருந்தே கத்துனான்.

"ஏய் ஜமாப்! என்னத்த நின்னு பாக்கறீங்க, அடிங்கப்பா!"ன்னாரு ஆறுக்குட்டி. "மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம், பொண்ணு வீடு இந்தப் பக்கம், எல்லாரும் ஒரு கை குடுங்க!"

பட்டு வேட்டி அத்தனையும் மடிச்சுக் கட்டுனாங்க. மேளத்து அடிக்குத் தகுந்த மாதிரி 'ஏலே ஏலோ'ன்னு தூக்குனாங்க. அத்தைமாரு ஓரமா நின்னு அதட்டுனாங்க. மூணாவது தூக்குல வண்டி மேட்டைத் தாண்டிக் குதிச்சுது. அதுக்கப்புறம் யாரும் அதுல ஏறவே இல்ல. காலியா வண்டி முன்னால போக, மாப்பிள்ளையில இருந்து எல்லாரும் ஆடிக்கிட்டே மண்டபத்துக்குப் போனோம். விழுந்த கிரில்லை ஒரு மாமன் தலையில வெச்சுக்கிட்டு ஆடுனாரு.

ஆறுக்குட்டி அந்தக் கைப்பிடியை மறுபடி வாங்கி, முகூர்த்தம் முடியற வரைக்கும் கையிலயே வெச்சிருந்தாரு. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுனாரு. "கதவு பொய்யி, அடி நெசம். எங்க சம்பந்தி போட்டது"ன்னு மைக்லயும் சொல்லிட்டாரு.

திங்கக்கிழமை வாத்தியாரு தாம்பூலப் பையோட பட்டறைக்கு வந்தாரு. எனக்கு ஒரு பை, மேஸ்திரிக்கு ஒரு பை. மேஸ்திரி காக்கிச் சட்டையில பழையபடி உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க. வாத்தியாரு பக்கத்துல போய்க் குத்தவெச்சாரு.

"மேஸ்திரி, வேகத்தடை எத்தனைன்னு கேட்டீங்களே. வண்டி மேட்டுல உக்காந்துக்கும்னு அப்பவே தெரியுங்களா?"

"தெரியும்."

"அடக் கடவுளே! அதைப் பட்டுன்னு சொல்லியிருக்கக் கூடாதுங்களா? உசுரு போய் உசுரு வந்துதுங்!"

"சொல்லியிருந்தா வண்டியை மறுபடி ஒசத்தி வெச்சிருப்பீங்க. வண்டி நேரா மண்டபத்துக்குப் போயிருக்கும்."

"அதுதானுங்களே வேணும்!"

மேஸ்திரி மிச்ச டீயைக் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வெச்சாங்க.

"அப்ப அடியில யாருங்க பாத்திருப்பாங்க?"